ஓரிரு இடங்களில் என்றால் எந்த இடம்?



"ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு." டி.வி.யில் இதைக் கேட்டதுமே எங்க ஆயா, "இவங்க சொன்னா வராது, சொல்லலைன்னா வரும்" என்பாங்க. நானும் சிரிச்சிருக்கேன். இப்போ சிரிக்கிறதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

"ஓரிரு இடங்களில்" என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பகுதியில் 100 மழைமானி இருந்தால் 25 இடத்திலோ அதற்கும் குறைவாகவோ மழை பெய்யும் என்று அர்த்தம். "ஒரு சில இடங்களில்" என்றால் 26 முதல் 50 வரை. இடிமேகம் சின்னது. தாம்பரத்தில் கொட்டும், பல்லாவரத்தில் ரோடு காய்ந்து கிடக்கும். அப்போ செய்தி பொய்யா? இல்லை, நாமதான் பாதி கேட்டோம். "வாய்ப்பு" என்றுதான் சொன்னாங்க, "நிச்சயம்" என்று சொல்லவில்லை.

இன்னொரு தப்பும் செய்கிறோம். "சென்னை" என்று வந்தால்தான் காது கொடுக்கிறோம். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. தாம்பரம், முடிச்சூர் எல்லாம் அதில்தான் இருக்கு. பக்கத்தில் உள்ள வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். நம்ம மாவட்டத்தின் பேரைக் கேட்காமல் மழைச் செய்தி கேட்டு என்ன பயன்?

2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய மழையில், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. 20 செ.மீ. தாண்டினாலே அதிகனமழை என்பார்கள். 49 செ.மீ. என்றால் ஒரு சதுர மீட்டர் இடத்தில் 490 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் கிட்டத்தட்ட 33 குடம்! நான் அப்போ சின்னக் குழந்தை. "நவம்பர் பூரா மழைதானே, இதுவும் அப்படித்தான்னு நெனச்சோம்" என்று அம்மா இன்னும் சொல்லுவாங்க. ரேஷன் கார்டுகூட எடுக்காமல் மொட்டை மாடிக்கு ஓடினார்களாம்.

என் அப்பா கட்டட வேலைக்குப் போறவர். மழை என்றால் அன்னிக்குக் கூலி இல்லை. அதனால் "சொன்னா வராது" என்று நம்பத்தான் அவருக்கும் ஆசை. போன ஐப்பசியில் அப்படி நம்பி, மாடியில் கம்பி கட்டிக்கொண்டு இருந்தபோது எதிரே தென்னை மரத்தில் இடி விழுந்தது. அன்று ராத்திரி அப்பா சரியாகப் பேசவே இல்லை. ஒரு நாள் கூலி பெரிசுதான். ஆனால் எங்களுக்கு அப்பா அதைவிடப் பெரிசு.

வள்ளுவரே கடவுள் வாழ்த்துக்கு அடுத்ததாக வான் சிறப்பைத்தான் வைத்தார். நாம் ஒரு சாக்பீஸாவது செலவு செய்யலாமே! தினமும் பிரேயருக்கு முன்னால் கரும்பலகையில் மூன்று விஷயம் எழுதலாம்: நம்ம மாவட்டம், என்ன நிறம், இடி உண்டா இல்லையா. மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. சிவப்பு என்றால் லீவு என்று மட்டும் நினைக்காதீங்க! இடிச் சத்தம் கேட்டால் மரத்தடியில் நிற்காமல் கட்டடத்துக்குள் போங்க.

படித்ததை வீட்டில் போய்ச் சொல்லுங்க. முக்கியமாக, வேலைக்குக் கிளம்புற அப்பா அம்மாகிட்ட சொல்லுங்க.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி