காணாத ஜனத்தின்மீது துவேஷம்

பாஞ்சாலங்குறிச்சியிலும் ஓட்டப்பிடாரம் வட்டாரத்திலும் வாழும் பெரியோர்களுக்கும், பள்ளி ஆசிரியப் பெருமக்களுக்கும், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், பெர்லின் நகரத்தில் குடியிருக்கும் உங்கள் ஊர்க்காரன் வணக்கத்துடன் எழுதுவது.

வீரசக்கதேவி ஆலயத் திருவிழாப் படங்களை நம் இளைஞர்கள் கைப்பேசியில் அனுப்பும்போது, அவற்றின் நடுவே ஹிட்லரின் உருவமும், அவன் சொன்னதாக யாரோ தமிழில் புனைந்து சேர்த்த வீர வசனங்களும் வந்து விழுவதைச் சில காலமாகக் கவனித்து வருகிறேன். அனுப்புகிறவர்கள் நல்ல பிள்ளைகள். யூதர் ஒருவரை வாழ்நாளில் நேரில் கண்டிராதவர்கள். ஆயினும் உலகத்துப் பணமெல்லாம் யூதன் கையில் இருக்கிறது என்றும், யுத்தங்களையெல்லாம் மூட்டுகிறவன் அவனே என்றும் சரளமாகப் பேசுகிறார்கள். பராக்கிரமத்தின்மீது கொண்ட மோகமே முதலில் வந்தது, துவேஷம் அதன் பின்னால் வந்து சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம். கண்டிப்பான தலைமையாசிரியருக்கும் வீட்டில் அதட்டுகிற தகப்பனாருக்கும் ஹிட்லர் என்று பட்டம் சூட்டியவர்கள் நாம்தாமே! 1959இல் கட்டபொம்மனாகக் கண்டு நாம் மெய்சிலிர்த்த சிவாஜி கணேசனையே 1982இல் 'ஹிட்லர் உமாநாத்' ஆகவும் கண்டு களித்தோம்.

"அவன் வெள்ளைக்காரனை நடுங்க வைத்தவன் அல்லவா?" என்று உறவுக்காரப் பையன் ஒருவன் என்னிடமே கேட்டான். பாஞ்சாலங்குறிச்சியில் பிறந்த பிள்ளை கேட்கக்கூடிய கேள்விதான். ஆகவே அதற்குரிய விடையும் பாஞ்சாலங்குறிச்சியின் பாஷையிலேயே சொல்லப்பட வேண்டும். இந்திய சுதந்திரத்துக்காகப் பாடுபட்டவர்களைத் தன் நூலில் ஏளனம் செய்து, இந்தியா வேறெவர் கையிலும் போவதைவிட ஆங்கிலேயரின் ஆதிக்கத்தில் இருப்பதையே தான் விரும்புவதாக எழுதியவன் அந்த ஹிட்லர்; 1937 நவம்பரில் தன்னைக் காண வந்த ஆங்கிலப் பிரபு ஹாலிபாக்ஸிடம், காந்தியைச் சுட்டுவிடுங்கள் என்று யோசனை சொன்னவனும் அவனே. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பானர்மன் எந்த முறையில் நியாயம் வழங்கினானோ, அந்த முறையையே தேசம் முழுமைக்கும் சிபாரிசு செய்தவனை நம் ஊர்ப் பிள்ளை கொண்டாடுவதா?

கொலையின் கதையைப் பிறகு சொல்லலாம், வாழ்ந்தவர்களின் கதையை முதலில் சொல்லுங்கள். அறுபது இலட்சம் யூதர் அழிக்கப்பட்ட செய்தி பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும் எண்ணாகவே அது பிள்ளைகளின் மனத்தில் தங்குகிறது. இங்கே பெர்லினில் நடைபாதைகளில், முன்பு யூதர் வாழ்ந்த வீடுகளின் வாசலில், பத்து சென்டிமீட்டர் சதுரமுள்ள பித்தளைத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. குன்டர் டெம்னிக் என்னும் கலைஞர் 1990களில் தொடங்கிய ஏற்பாடு இது. 'இங்கே வாழ்ந்தார்' என்ற சொற்களை அடுத்துப் பெயர், பிறந்த வருஷம், நாடு கடத்தப்பட்ட நாள், மாண்ட இடம் ஆகியவை அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு வகுப்புப் பிள்ளைகள் தங்கள் தெருவிலுள்ள ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, ஆவணக் காப்பகத்தில் தேடி, அந்தக் குடும்பம் என்ன தொழில் செய்தது, அதன் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தார்கள், அதன் சாமான்களை யார் ஏலத்தில் எடுத்தார்கள் என்பது வரையில் கண்டறிந்து எழுதுகிறார்கள். கிரூனேவால்டு ரயில் நிலையத்தின் பதினேழாம் நடைமேடை ஓரத்திலோ, 1941 அக்டோபர் 18 தொடங்கி எந்த நாளில் எத்தனை பேர் எந்த ஊருக்கு ரயிலேற்றப்பட்டார்கள் என்பது எஃகில் எழுதப்பட்டிருக்கிறது. இத்தனை செய்தும் இந்தத் தேசத்தில் விஷம் வற்றிவிடவில்லை. 2019 அக்டோபரில் ஹாலே நகரத்து ஜெப ஆலயத்தைத் தாக்க வந்தவன், கதவு திறவாமற்போகவே, வெளியே இருந்த இருவரைச் சுட்டுக் கொன்றான்.

நம் பிள்ளைகளுக்கு அந்த நடைமேடை இல்லை. ஆயினும் யூதர் நம் கரைக்கு அந்நியரல்லர். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு 72 உரிமைகளை அளித்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. திருப்புல்லாணிக் கல்வெட்டொன்று, இன்றைய பெரியபட்டினத்தில் இருந்த 'சூதப்பள்ளி' ஒன்றைக் குறிப்பிடுகிறது, அதை யூதரின் வழிபாட்டிடம் என்று அறிஞர் கொள்கிறார்கள். கோவாவிலிருந்து மூலிகைகளைப் பற்றியும் முத்துக்களைப் பற்றியும் 1563இல் நூல் வெளியிட்ட கார்சியா தா ஓர்த்தா யூத வம்சத்து வைத்தியர். அவர் இறந்தபின், அவருடைய சகோதரி சமய விசாரணை மன்றத்தாரால் எரிக்கப்பட்டார். 1580இல் அவருடைய எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள். அந்த மன்றத்தைக் கோவாவில் நிறுவும்படி 1546இலேயே போர்த்துகல் மன்னருக்கு எழுதியவர், முத்துக்குளித்துறை மக்கள் இன்றும் தகப்பனாகப் போற்றும் சவேரியார். இதைச் சொல்வதால் சவேரியாரின் பக்தர் எவரும் மனம் வருந்த வேண்டியதில்லை. இயேசுவின் பாடுகளுக்காக யூத குலம் முழுவதையும் குற்றஞ்சாட்டலாகாது என்று 1965இல் கத்தோலிக்கத் திருச்சபையே பிரகடனம் செய்துவிட்டது. தவக்காலத்தில் பாஸ்கா நாடகம் நடத்தும் கடற்கரை ஊர்களில், திரை விழுமுன் ஒருவர் இதை எழுந்து சொன்னால் நன்று.

இனி நம்மைப் பற்றி. ஜமீன்தார் கட்டபொம்மனுக்கு எதிராகக் கம்பெனியின் பக்கம் நின்றார் என்பதற்காக எட்டயபுரத்து ஜமீனின் 'எட்டப்பன்' என்னும் பரம்பரைப் பட்டப்பெயரையே துரோகத்துக்குப் பெயராக்கி, உமறுப்புலவரும் முத்துசாமி தீட்சிதரும் அடங்கிய மண்ணில், பாரதி பிறந்த ஊரில், இன்று பிறக்கிற குழந்தையின்மீதும் அதைச் சுமத்துகிறோம். கட்டபொம்மன் பிடிபட்டதோ எட்டயபுரத்திலன்று, புதுக்கோட்டைத் தொண்டைமானின் சீமையில். மறுபுறம், தெலுங்கு பேசிய முன்னோர்களின் சந்ததி என்பதற்காகக் கட்டபொம்மனையே 'வந்தேறி' என்று ஏசும் பேச்சு சமூக ஊடகங்களில் உலவுவதைக் கண்டு நம் பிள்ளைகள் மனம் புழுங்குகிறார்கள். ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் யூதர் இருந்ததற்கு கி.பி. 321ஆம் ஆண்டிலேயே சான்று உண்டு. அதற்குச் சுமார் 1,600 ஆண்டுகளுக்குப் பின்னர், 1935இல், அவர்களை அந்நியர் என்று சட்டமியற்றிக் குடியுரிமையைப் பறித்தார்கள். ஒருவன் செய்ததைக் குலத்தின் தலையில் ஏற்றுவதும், குடியிருப்பவனை வந்தேறி என்பதுமாகிய இவ்விரண்டையும் உறைக்கும்படி அறிந்த பிள்ளைக்கு யூத துவேஷத்தை விளக்க நீண்ட உபந்நியாசம் வேண்டியிராது.

காசாவில் குழந்தைகள் மடிவதைக் கண்டு கொதிக்கிற பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். இஸ்ரேல் அரசாங்கத்தின் செயலைக் கண்டிப்பது வேறு, அந்தக் கொதிப்பைப் பெர்லினிலோ கொச்சியிலோ கடைக்குப் போகிற யூதக் கிழவியின்மீது திருப்புவது வேறு என்பதை மட்டும் உணர்த்துங்கள். காயல்பட்டினத்து முஸ்லிம்களைச் சீண்டுவதற்காகவே இஸ்ரேல் கொடியைப் பகிர்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிற் சிலர் மறுநாளே ஹிட்லரையும் பகிர்வதைப் பார்த்தால், யூதரிடம் அவர்களுக்குள்ள அபிமானம் எத்தகையது என்பது விளங்கும்.

தாய்மார்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஹிட்லரைப் பற்றியோ யூதரைப் பற்றியோ இப்படியொரு செய்தி கைப்பேசியின் குடும்பக் குழுவில் வந்தால், இதை யார் சொன்னது, எந்த வருஷம், எங்கே எழுதியிருக்கிறது என்று எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள். (பிள்ளைகளைவிட மாமன்மார்களே இதில் முன்னணியில் நிற்கிறார்கள், அவர்களிடமும் கேளுங்கள்.) ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் வேறு. எட்டயபுரத்துப் பள்ளி ஒன்றின் பத்தாம் வகுப்பை அழைத்து, 1974இல் அரசு கட்டிய நம் நினைவுக் கோட்டையில் இரு ஊர்ப் பிள்ளைகளையும் ஒரு நாள் உட்காரவைத்து, முற்பகலில் 1799இன் கதையையும் பிற்பகலில் 1941இன் கதையையும் அவர்களையே பேசச் செய்யுங்கள். இங்குள்ள தகடுகளின் படங்களையும், அந்தப் பெயர்களைப் பற்றி இந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதியவற்றையும் தமிழாக்கி அனுப்புகிறேன். பேருந்து வாடகையும் மதியச் சாப்பாடும் என் பொறுப்பு. தேதியை மட்டும் தெரிவியுங்கள்.

இங்ஙனம்,
பெர்லினில் வசிக்கும் உங்கள் ஊர்க்காரன்