பின்பக்க டிஸ்க் பிரேக்: மழை முடிஞ்சாச்சு, வீலைக் கழற்றிப் பார்த்தாச்சா?

ஐப்பசி, கார்த்திகை முழுக்கத் தஞ்சை, திருவாரூர், நாகை சாலைகளில் ஓடிய கார், பொங்கலுக்கு முன் வாட்டர் வாஷுக்குப் போகும். வெளியே பளபளப்பாகிவிடும். ஆனால், வாய்க்கால் ஓரத்து வண்டல் சேறு பின்சக்கரத்தின் உள்ளே, பிரேக் காலிப்பரைச் சுற்றிக் காய்ந்து ஒட்டியிருக்கும்.

பிரேக் பிடித்ததும் காரின் எடை முன்பக்கம் சாய்வதால், முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். பின்பக்க பேடு மெதுவாகத்தான் தேயும். 'அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்' என்று பலரும் தள்ளிப்போடுவது இதனால்தான். ஆனால், தேய்மானம் குறைவு என்பதற்காகச் சேறும் ஈரமும் சும்மா விடாது.

உள்பக்கம்தான் ஏமாற்றும்

பெரும்பாலான கார்களில் காலிப்பரின் ஒரு பக்கம்தான் பிஸ்டன் இருக்கும். காலிப்பர் இரண்டு கைடு பின்கள் மேல் நகர்ந்தால்தான் வெளிப்பக்க பேடும் டிஸ்க்கை அழுத்தும். கைடு பின்னின் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்தால், துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் உள்பக்க பேடு மட்டும் தேயும். அலாய் வீல் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தால், வெளிப்பக்க பேடு கனமாகத்தான் தெரியும்! அதனால், வீலைக் கழற்றாமல் முடிவு சொல்லக் கூடாது.

அறிகுறிகள்

மழைக்கு மறுநாள் டிஸ்க்கில் தெரியும் லேசான துரு சகஜம். நாலைந்து பிரேக்கில் போய்விடும். ஓட்டி நிறுத்தியபின் ஒரு பின்சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடுவது, கருகல் வாடை, ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் கார் இறுக்கமாக நகர்வது ஆகியவை சகஜமல்ல.

கழற்றும்போது கவனம்

* காலிப்பரைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். எனவே, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பது கட்டாயம். களிமண் தரையில் ஜாக்கி புதையும். சிமென்ட் தரையே நல்லது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைக்க வேண்டும்.

* ஹேண்ட் பிரேக் காலிப்பரோடு சேர்ந்த பல கார்களில், பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். வெறுமனே அழுத்தினால் உள்ளிருக்கும் பாகம் உடையும். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால், முதலில் சர்வீஸ் மோடுக்கு மாற்ற வேண்டும்.

* காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. கம்பியில் கட்டிவைக்க வேண்டும்.

* கைடு பின்னுக்கு பிரேக் கிரீஸ் மட்டுமே. சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

* பேடில் உராயும் பகுதி 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது.

* வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் இறுகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும்.

டெல்டா சமவெளியில் இந்தக் குறை லேசில் தெரியாது. லீவுக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் போய் இறங்கும்போதுதான் தெரியும். அதற்கு முன் ஒர்க்‌ஷாப்பில் கழற்றிய நாலு பேடுகளையும் கையில் வாங்கி, உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே கனமா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.