பழைய பதக்கம் யாருடையது?

திருக்கோணமலைத் துறைமுகத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 9-ஆம் நாள் குண்டு பொழிந்தன. அதற்கு வடக்கே குச்சவெளி போன்ற ஊர்களில், அக்காலத்துப் பெட்டியொன்றில் அறுமுனை நட்சத்திரம் கிடைத்தால் உடனே வீரப் பதக்கமென மகிழ்கிறோம். அஃது அவ்வாறன்று, போர்க்களப் பணிக்குப் பொதுவாக வழங்கிய சின்னம். நடுவட்டத்து எழுத்துக்களைப் படியுங்கள். பர்மா நட்சத்திரமாயின் நாடா கருநீலம். நடுவே அகன்ற சிவப்பு, இருபுறமும் செம்மஞ்சட் கோடு.

பிரிட்டிஷ் வீரர்க்கு இவற்றைப் பெயர் பொறிக்காமலே வழங்கினர். இந்தியப் படையினர்க்கோ பின்புறம் பெயர் பொறித்தனர். உண்மையான வீர விருதாகிய விக்டோரியா சிலுவையில் பெயருடன் செயல் நிகழ்ந்த நாளும் உண்டு. ஆதலின், புளியிட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! (தாய்மார்களுக்கே இவ்வேண்டுகோள்.) எழுத்து மங்கினால், அணிந்தவர் யாரென்பது குடும்பத்தாருக்கே தெரியாமற் போகும்.

பெயரில்லாப் பதக்கமாயின், வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி அதனுடன் வைத்துவிடுங்கள்.