பொட்டலம் கட்டுபவர் மீதா பழி?

(பி.எஸ்ஸி. கணினி அறிவியல், இரண்டாம் ஆண்டு)

என் தந்தையார் ராயபுரம் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் சுமை தூக்குபவர். துறைமுகத்திற்குப் போகும் கன்டெய்னரைச் சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தால், மூடும்போது புதிய சீல் வைத்து அதன் எண்ணையும் எழுதி வைப்பார்கள் என்பார். பின்னால் சரக்கில் குறை கண்டால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் இராது. திறமூல மென்பொருள் உலகில் இந்த ஒழுங்கு எல்லா இடத்திலும் இல்லை. அதனால் விளைந்த பூசலைப் பற்றியே எழுத முற்படுகிறேன்.

அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு வழங்கிய மடிக்கணினி இன்று என்னிடம் இருக்கிறது. அவர் ஹார்பர் வேலைக்குப் போனார். நான் கல்லூரிக்கு வந்தேன். 2011இல் தொடங்கிய அத்திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது. டெபியன் என்னும் உலகளாவிய தொகுப்பின் மேல் கட்டப்பட்டது. ஆக, எங்கோ ஒருவர் எழுதிய மென்பொருள் டெபியன் தொகுப்பாளர் கைக்கு வந்து, பாஸ் குழுவினர் கைக்கு மாறி, அதன் பிறகே புளியந்தோப்பில் எங்கள் வீட்டுக்கு வருகிறது.

சென்ற ஆண்டு ஒரு குறிப்பேட்டு மென்பொருளில் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிந்தன. ஆக்கியவருக்கு எழுதினேன். உன்னிடம் இருப்பது பழையது, கொடுத்தவரைப் போய்க் கேள் என்ற பொருளில் பதில் வந்தது. கோபம் வந்தது உண்மையே. எனினும் அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. எக்ஸ்-ஸ்கிரீன்சேவரை எழுதிய ஜேமி ஜவின்ஸ்கி, தாம் என்றோ திருத்திவிட்ட பிழைகளுக்குப் புகார்கள் தம்மிடமே வருவதைப் பொறுக்காமல், பழைய பதிப்பையே தருவதானால் என் மென்பொருளை எடுத்தே விடுங்கள் என்று 2016இல் டெபியனிடம் கேட்டார்.

அதைவிடப் பெரிய கதையும் உண்டு. 2006இல் டெபியன் தொகுப்பாளர் ஒருவர், சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டியதால், ஓப்பன்-எஸ்எஸ்எல் நிரலில் இரண்டு வரிகளை நீக்கினார். ஆக்குநர் தரப்பைக் கேட்டும் பார்த்தார், யாரும் தடுக்கவில்லை. விளைவு? எண்ணிலடங்கா இரகசியச் சாவிகள் உருவாக வேண்டிய இடத்தில், ஒவ்வொரு வகையிலும் 32,768 மட்டுமே உருவாயின. 2008 மே மாதத்தில்தான் இது வெளிப்பட்டது.

அப்படியானால் தொகுப்பாளர் வேண்டாமா? நான் ஒப்பமாட்டேன். 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்னும் சுருக்கு மென்பொருளின் வெளியீட்டிலேயே கள்ளக் கதவு இருப்பது தெரியவந்தது. வைத்தவர், அதன் பராமரிப்பாளருள் ஒருவர்! உள்நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்றுத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் நிலைத்த பதிப்புக்கு அது வந்து சேர்ந்திருக்கவில்லை. நாம் ஏசும் அந்தத் தாமதமே அன்று காத்தது. (அக்கதவு எஸ்எஸ்எச் வரை எட்டியதற்கு, தொகுப்பாளர்கள் தாமாகச் சேர்த்த ஓர் இணைப்பே வழி என்பதையும் மறைக்கக்கூடாது.)

இப்போது ஆக்குநர் சிலர், இடையில் யாரும் வேண்டாம், ஃபிளாட்பேக் பெட்டியில் நாங்களே சீல் வைத்துத் தருகிறோம் என்கிறார்கள். துணை நூலகங்களில் பலவற்றை ஒவ்வொரு பெட்டியும் தானே சுமந்து வரும். புதுக் கணினி உடையவர்க்கு அது வசதி. பழைய கணினியும், நாளுக்கு இவ்வளவு என்று அளந்து வரும் செல்போன் டேட்டாவும் உள்ள என் போன்றோர் என் செய்வது?

2006இல், எங்கள் ஒப்புதலின்றித் திருத்தினால் ஃபயர்பாக்ஸ் என்ற பெயர் கூடாது என்று மொசில்லா சொன்னது. டெபியன் அதை ஐஸ்வீசல் என்ற பெயரில் தந்தது. 2016 வரை அப்படியே இருந்தது. பலர் கேலி செய்தனர். நான் அதை நேர்மை என்பேன். புதிய சீல் வைத்தார்கள் அன்றோ! பெயரை மாற்றாவிட்டாலும், திருத்தியவர் தம் முகவரியைத் திரையிலேயே போடட்டும். திருத்தத்தை ஆக்கியவருக்கும் அனுப்பட்டும். ஆக்கியவரும் அதைப் படித்துப் பார்த்துப் பதில் சொல்லட்டும்.

என் புகாரைப் பிறகு தொகுப்பாளருக்கு எழுதினேன். நான்கு மாதம் கழித்துத் திருத்தம் வந்தது. எழுத்துகள் ஒழுங்காகத் தெரிவதை அண்ணனிடம் காட்டினேன். "ஒரு கொம்பு சரியா நிக்கிறதுக்கு இத்தினி பேராடா?" என்றார்.