ஒரு நாள் அமானிதம்

 

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் முஹல்லாக்கள் பலவற்றில் தீனியாத் வகுப்புகள் களைகட்டுகின்றன. வகுப்பு முடியும் நாளில் பிள்ளைகளை வேனில் ஏற்றி எங்கேனும் அழைத்துச் சென்று வருவது இளைஞர் மன்றங்களின் வழக்கம். கேளிக்கைப் பூங்காவுக்கோ கடற்கரைக்கோ போகிறார்கள். தேக்சா பிரியாணி உண்கிறார்கள். புகைப்படம் எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்புகிறார்கள். மகிழ்ச்சிதான், குறை கூறுவதற்கில்லை. ஆனால் அந்த ஒரு நாளைக் கொண்டு ஒரு பிள்ளையின் கண்களையே திறந்துவிட முடியும் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? இம்மாதம் அது குறித்தே உங்களோடு பேச விழைகிறேன்.

பறவையியல் மேதை சாலிம் அலியின் பெயரை நீங்கள் அறிவீர்கள். 1896 நவம்பர் 12 இல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். மிக இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. இது என்ன குருவி என்ற கேள்வியோடு அச்சிறுவன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினான். 1883 இல் தொடங்கப்பெற்ற அக்கழகத்தின் செயலாளராக அப்போது இருந்தவர் மில்லார்ட் என்னும் ஆங்கிலேயர். அவர் சிறுவனை விரட்டவில்லை, நகைக்கவும் இல்லை. குருவியின் இனத்தைக் கூறியதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். ஒரு பெரியவர் ஒரு சிறுவனுக்காக ஒதுக்கிய சிறிது நேரம் அது. அதிலிருந்து ஒரு வாழ்க்கை புறப்பட்டது.

அதே சாலிம் அலி 1926 இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் பெற்ற வேலை என்ன தெரியுமா? வருவோர்க்கு விளக்கிக் கூறும் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை! 1976 இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அறிஞர், பிறருக்குச் சுட்டிக்காட்டி விளக்கும் பணியிலிருந்துதான் தொடங்கினார். எனவே பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று காட்டும் பணியைச் சில்லறை வேலையாக எவரும் கருத வேண்டாம்.

அப்பணியைத் தொண்டாகவே செய்து வருவோர் நம் மாநிலத்தில் உள்ளனர். சென்னையில் 1988 முதல் மாணவர்களும் இளைஞர்களும் கூடி நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழுவைக் கூறலாம். ஜனவரி தொடங்கிச் சில மாதங்கள், நள்ளிரவில் நீலாங்கரைப் பக்கத்திலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடக்கிறார்கள். பங்குனி ஆமை என நம் மீனவர்கள் அழைக்கும் கடலாமை கரையேறி, குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. அம்முட்டைகளை நாய்களிடமிருந்து காத்து, பொரிப்பகத்தில் புதைத்து, ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் சேர்க்கிறார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் உடன் நடக்கலாம். டார்ச் விளக்கு அடிக்கக் கூடாது, தொடக் கூடாது, வழிநடத்துபவரை முந்தக் கூடாது என்பவை நிபந்தனைகள். பல இரவுகளில் ஓர் ஆமைகூடத் தென்படுவதில்லை. ஆயினும் நடந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. பொறுமையைக் கற்றுத் திரும்புகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, அது எத்துணைப் பெரிய இழப்பு என்பதை அப்படி நடந்த பிள்ளைகளுக்கு எவரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

நம் ஜமாஅத் மன்றமும் இவ்வாறு செய்யலாமே என்ற எண்ணம் உங்களுக்கு எழலாம். எழட்டும். ஆனால் முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பறவையின் பெயர் தெரிந்திருப்பது வழிகாட்டியின் முதல் தகுதி அன்று. ஒரு தாய் தன் பிள்ளையை வாசலில் நின்று உங்களிடம் ஒப்படைக்கிறாள். அந்தப் பிள்ளை ஒரு நாள் அமானிதம். காலையில் எத்தனை பேரை அழைத்துச் சென்றோமோ, மாலையில் அத்தனை பேரையும் நலமாகத் திருப்பித் தருவதே முதல் தகுதி. சுற்றுலா சென்ற இடத்தில் பிள்ளைகள் நீரில் மூழ்கினர் என்ற செய்தி வராத கோடை உண்டா? அவர்களை அழைத்துச் சென்றவர்கள் தீயவர்கள் அல்லர். திட்டமிடாதவர்கள், அவ்வளவே. அதன் விலை எவ்வளவு பெரிது!

ஆகவே செல்லவிருக்கும் இடத்தை, ஒரு வாரம் முன்னதாக, அதே நேரத்தில், நீங்கள் மட்டும் சென்று பார்த்து வாருங்கள். கைப்பிடிச் சுவரில்லாத கிணறு எங்கே, சேறு எங்கே, நிழல் எங்கே, பாம்புக்கடி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எத்தனை கிலோமீட்டரில் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சரணாலயமாயின் வனத்துறையின் அனுமதியை முன்னரே பெற்றுவிடுங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் முன்னே, ஒருவர் கடைசியில். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்து, இடம் மாறும்போதெல்லாம் எண் சொல்லச் செய்யுங்கள். இழுப்பு நோய், வலிப்பு, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் விவரத்தைத் தாயிடம் எழுதி வாங்கி, மருந்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

நீரில் இறங்குவதில்லை என்பதை விதியாக்கி, வேனில் ஏறும் முன்பே அறிவித்துவிடுங்கள். கரையில் நின்றுகொண்டு கெஞ்சும் பிள்ளையிடம் மறுப்பது கடினம். வீட்டு வாசலிலேயே மறுத்துவிடுவது எளிது. சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடிமழை திடீரென வரும். காலையில் சென்று நண்பகலுக்குள் திரும்பிவிடுங்கள். இடியோசை கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ செல்லுங்கள்.

பாம்பு தீண்டிவிட்டால் கயிறு கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடவே கூடா. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108 வண்டியிலோ கிடைத்த வண்டியிலோ மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே சிகிச்சையின் தொடக்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்து அங்கே உண்டு. பாம்பைப் பிடித்து வர வேண்டியதில்லை.

இனி, நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாத ஒன்றைக் கூறுகிறேன். இத்தகைய பயணம் அறிவிக்கப்பட்டால் மகனின் பெயர் உடனே எழுதப்படுகிறது. மகளின் பெயருக்கு, "பார்ப்போம்" என்ற பதில்தான் கிடைக்கிறது. தாய்மார்களின் தயக்கத்தைப் பழிக்க வேண்டாம். அதற்குக் காரணங்கள் உண்டு. அழைத்துச் செல்வோர் யாவரும் ஆண்கள். போகும் இடத்தில் கழிப்பறை இல்லை. கழிப்பறை இல்லாத இடத்துக்குச் செல்லும் பெண்பிள்ளை காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறாள். மே மாத வெயிலில் அது எத்துணை ஆபத்து! எனவே இடத்தைத் தேர்வு செய்யும்போது பறவை உண்டா என்று கேட்குமுன், கழிப்பறை உண்டா, ஒளூ செய்ய நீர் உண்டா, தொழ நிழல் உண்டா என்று கேளுங்கள். பெண்பிள்ளைகளுக்குப் பெண்களே வழிகாட்டட்டும். விரும்பும் தாய்மார்களும் உடன் வரட்டும்.

பெண் வழிகாட்டிகளுக்கு எங்கே போவது என்கிறீர்களா? விலங்கியலிலும் தாவரவியலிலும் பட்டம் பெற்று, அச்சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் சகோதரிகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! சகோதரியே, நான் உங்களைத்தான் அழைக்கிறேன். நீங்கள் கற்ற கல்விக்கு மாதம் ஒரு காலைப் பொழுதைத் தாருங்கள். பத்துப் பெண்பிள்ளைகள் உங்கள் பின்னால் நடக்கக் காத்திருக்கிறார்கள்.

எதைக் காட்டுவது? தொலைவு செல்ல வேண்டியதில்லை. கிணற்றோரத்து மரத்திலோ பனையிலோ தூக்கணாங்குருவி கூடு கட்டும் பருவத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். ஆண் பறவை பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் பறவை வந்து சோதித்து ஏற்றுக்கொண்ட பின்னரே மீதியைக் கட்டி முடிக்கும். இதனை 1930 இல் கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் நாள்தோறும் நின்று கவனித்து எழுதியவர் அதே சாலிம் அலிதான். அப்போது அவருக்கு வேலை இல்லை; வீட்டருகே மரமும் கூடுகளும் இருந்தன; கண் இருந்தது.

ஒரு குச்சியும் போதும். சமதரையில் அதனை நட்டு, நிழலின் நுனியில் கூழாங்கற்களை வைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். நிழல் மிகக் குறுகி மீண்டும் நீளத் தொடங்கும் கணத்தில், லுஹர் நேரம் எங்கிருந்து வந்தது என்பது பிள்ளைக்கு விளங்கிவிடும். மே 28, ஜூலை 16 ஆகிய நாள்களை ஒட்டிக் கதிரவன் கஅபாவின் நேர் மேலே நிற்கிறது. நம் நேரப்படி மே மாதத்தில் பிற்பகல் 2.48 மணி, ஜூலையில் 2.57 மணி. அவ்வேளையில் நிழலின் நுனியிலிருந்து குச்சியின் அடியை நோக்கினால் அதுவே கிப்லாவின் திசை! சுவர்க்கடிகாரமும் ஒட்டப்பட்ட அம்புக்குறியும் சொல்லித் தந்ததை, வானமே சொல்லித் தருவதை அவர்கள் காணட்டும். தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயரால் திருமறையில் அத்தியாயங்கள் அமைந்திருப்பதை அறிந்த பிள்ளைகள், அவ்வுயிர்களை அருகிருந்து ஒரு முறையேனும் பார்க்க வேண்டாமா?

சற்றுத் தொலைவு செல்ல இயன்றோர்க்கு முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு இருக்கிறது. சேற்றிலிருந்து மேல்நோக்கி முளைத்து நிற்கும் மூச்சுவேர்களை அங்கே காணலாம். கோடிக்கரையில் வெளிமானும், குளிர்காலத்தில் பூநாரைகளும் உண்டு. வேடந்தாங்கலைக் காட்டுவோர் அதன் வரலாற்றையும் கூறுங்கள். பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுடுவதைப் பொறாத கிராமத்தார், 1798 இல் செங்கல்பட்டுப் பகுதியின் ஆங்கிலேய ஆட்சியரிடம் முறையிட்டு, அவற்றைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தம் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். சாமானியர்கள் ஒன்றுகூடினால் என்ன செய்ய இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ?

காட்டும்போது சொற்பொழிவு ஆற்றாதீர்கள். "என்ன தெரிகிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். உங்களுக்கு விடை தெரியாத கேள்வியைப் பிள்ளை கேட்டால், "தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்" என்று கூறுங்கள். மில்லார்ட் காட்டிய மரியாதை அதுதான். உணவு கொண்டு செல்லுங்கள். ஆனால் எலும்பையும் இலையையும் விட்டு வராதீர்கள். நாம் விட்டு வரும் எலும்பு நாய்களை வரவழைக்கும். அந்த நாய்கள் தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளையும் விட்டு வைப்பதில்லை.

பணம் குறித்து ஒரு சொல். கட்டணம் செலுத்த இயலாத பிள்ளை இலவசமாக வரட்டும். ஆனால் அது யாருக்கும் தெரிய வேண்டாம், உடன் வரும் பிள்ளைகளுக்குக்கூட. வரவு செலவுக் கணக்கை மட்டும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். கணக்குத் தெளிவாக இருந்தால் மறு ஆண்டு கேட்காமலே கை நீட்டுவார்கள்.

ஒரே நாளில் ஐம்பது பேரைத் திரட்ட வேண்டாம். பத்துப் பிள்ளைகள், ஒரு கிலோமீட்டர், ஒரு காலைப் பொழுது. அடுத்த மாதமும் அதே இடம், அதே பிள்ளைகள். போன முறை இருந்த கூடு இம்முறை இல்லை என்று ஒரு சிறுமி தானாகக் கண்டு கூறுவாளாயின் உங்கள் பணி பலித்துவிட்டது என்று கொள்ளுங்கள். அன்று மாலை அவளை அவளுடைய தாயிடம் நலமாக ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புங்கள்.