ஜீப் வண்டியின் சுக்கான் ஆட்டமும் குடியானவர் கடமையும்

கட்டை வண்டியில் சந்தைக்குப் புறப்படும் குடியானவன் கடையாணியைத் தட்டிப் பார்த்த பின்னரே மாட்டை நுகத்தில் பூட்டுவது வழக்கம். அவ்வண்டியின் வேலையை இன்று ஜீப் செய்கிறது. ஆனால் ஜீப்பை அவ்விதம் சோதித்துப் பார்ப்போர் மிகச் சிலரே.

களமருதூர் போன்ற சமவெளிக் கிராமங்களில் மழைக்காலத்து வண்டிப்பாட்டைகள் சேறாகிவிடுகின்றன. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையோ வளைவுகள் மிகுந்தது; கல்வராயன் மலை ஊர்கள் 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் உள்ளவை. இவ்விரு பாதைகளுக்கும் ஏற்றதென்று எண்ணிச் சிலர் ஜீப்பை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திக் கொள்கின்றனர். சில மாதங்களில் சுக்கான் சக்கரம் தளர்கிறது. பள்ளத்தில் இறங்குகையில் அடியில் ‘டக்’ என்று ஓசை கேட்கிறது. உடனே சாலையின் மீது பழி சுமத்துவது வழக்கமாகிவிட்டது. இது சரியன்று.

பட்டை ஸ்பிரிங்கும் ஒரே முன்னச்சும் கொண்ட பழைய ஜீப், ஜிப்ஸி முதலிய வண்டிகளில், சுக்கான் பெட்டியிலிருந்து சக்கரத்திற்குச் செல்லும் டிராக் லிங்க் ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். வண்டியை உயர்த்தினால் அது சரிந்து நிற்கிறது. பிறகு அச்சு மேலும் கீழும் அசையுந்தோறும் சக்கரம் தானாகச் சிறிது திரும்புகிறது. பால் ஜாயிண்டுகளும் தம் எல்லை வரை வளைந்து விரைவில் தேய்கின்றன. ஷாக்கிளை நீட்டும்போது அச்சின் சாய்வும் மாறக்கூடும். அச்சாய்வு குறைந்தால், வளைவுக்குப் பின் சக்கரம் தானே நேர்நிலைக்கு வரும் குணம் குன்றிவிடும். முன்னச்சிற்கும் பட்டைக்கும் இடையே கட்டை வைத்து உயர்த்துவதோ அறவே ஆகாது.

பழுதின் இடத்தைக் கண்டறியாமல் டை ராடு எண்டு ஒன்றை மாற்றுவதும், பலிக்காவிடில் மற்றொன்றை மாற்றுவதும் பண விரயம். சுக்கான் பெட்டியின் திருகை இறுக்கி ஆட்டத்தை மறைப்பது அதனினும் கெடுதி. பெட்டி நடுவில் இறுகி உள்ளே தேயும். டாம்பர் பூட்டினால் நடுக்கம் சில நாள் அடங்கும். தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியே இருக்கும்.

சோதனைக்கு இரண்டு ஆட்களே போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒருவர் சுக்கானை இடமும் வலமும் சிறிதளவு விரைந்து ஆட்ட வேண்டும். பவர் ஸ்டீரிங் உள்ள வண்டியாயின் எஞ்சின் ஓட வேண்டும். மற்றவர் மேலிருந்து கீழாக முறையே சுக்கான் தண்டின் மூட்டு, பெட்டியைச் சாசியில் பிணைக்கும் போல்ட்டுகள், பிட்மன் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு முனைகள் ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்து அசையுமாயின், பழுது அங்கேயே உள்ளது. சாசியில் பெட்டியே அசைந்தால் போல்ட்டையும் விரிசலையும் முதலில் கவனிக்க வேண்டும். 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜிம்னி போன்ற சுருள் ஸ்பிரிங் வண்டிகளில், அச்சைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் பான்ஹார்டு ராடின் புஷ்ஷையும் பார்ப்பது அவசியம்.

பின்னர் ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கு வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங்கிலும், மறையாவிடில் பெரும்பாலும் கிங் பின்னிலும் பழுது இருக்கும். பக்கவாட்டில் அசைத்தால் டை ராடின் தளர்ச்சி புலப்படும். பிரேக் போடும்போது மட்டும் ஓசை எழுமாயின் ஸ்பிரிங் புஷ்ஷையும் யூ போல்ட்டையும் சந்தேகிக்கலாம்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த பதிவு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதனை வலியுறுத்தியது. விபத்து நேர்ந்த பின் இன்ஷ்யூரன்ஸ் கோரும்போது இம்மாற்றம் தகராறுக்கு இடமாகலாம்.

ஆதலால், ஏற்ற டயரும் நல்ல பட்டையும் போதுமான இடத்தில் வண்டியை உயர்த்தாதிருப்பதே விவேகம். ஏற்கெனவே உயர்த்தியவர்கள் அதை முன்னிருந்த அளவுக்கு இறக்குவது நலம். அது வரையில் மாதம் ஒருமுறையும், மலையேறும் ஒவ்வொரு நாளும் மேற்கண்ட சோதனையைச் செய்ய வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் அறுவடைக்கு முன் இதனை ஊரார்க்கு எடுத்துரைத்தல் நன்று. டை ராடு எண்டு ஒன்றின் விலை அற்பம். மலை வளைவில் அது கழன்றால் இழப்பு வண்டியோடு நிற்காது. அதில் ஏறி வரும் கூலியாட்களின் உயிர் உரிமையாளரின் பொறுப்பில் உள்ளது.