கோட்டாட்சியர் மலையேறட்டும்

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் வசிப்பவருக்கு மாவட்டத் தலைநகரம் இரண்டு முறை இடம் மாறியிருக்கிறது. 1993 வரை கடலூர், பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. ஒவ்வொரு முறையும் தலைநகரம் கிட்டே வந்தது. நிர்வாகம் அந்த அளவுக்குக் கிட்டே வரவில்லை.

கள்ளக்குறிச்சி யாரும் வரைபடம் போட்டுக் கட்டிய ஊரல்ல. மலையிலிருந்து இறங்கும் கடுக்காயும் மரவள்ளியும், கச்சிராயபாளையம் ஆலைக்குப் போகும் கரும்பும், சேலம் சாலையின் பேருந்துகளும் சேர்ந்து வளர்த்த ஊர். மலைக்காரர் ஒரே நடையில் விளைச்சலை விற்று, மருந்து வாங்கி, மனுவும் கொடுத்துவிட்டுத் திரும்ப முடிகிற ஊர். அதற்கு நேரெதிர், சண்டிகரும் அமராவதியும் போலத் திட்டமிட்டு எழுப்பப்படும் தலைநகரம். அங்கே முதலில் வருவது அலுவலக வளாகம், சந்தை பிறகுதான். கள்ளக்குறிச்சியும் இப்போது அந்த வழியில்தான் போகிறது. ஆட்சியர் வளாகத்துக்கு ஊருக்கு வெளியே வீரசோழபுரத்தில் இடம் தேர்வானது. அது அர்த்தநாரீஸ்வரர் கோயில் நிலம் என்பதால் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

மாவட்டத்துக்குப் பெரிய அலுவலகம் தேவைதான். ஆனால் கட்டடம் எழுந்தால் நிர்வாகம் வந்துவிட்டதாக நினைப்பது தவறு. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது, எங்கோ காட்டுக்குள் அல்ல. கள்ளக்குறிச்சி நகருக்குள், நீதிமன்றமும் காவல் நிலையமும் அருகிலேயே இருக்கும் கருணாபுரத்தில்! அந்தச் சாவுகளின் தொடர்ச்சியாகத்தான் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. சாலை, மருத்துவம், பள்ளி என்று அங்கே எழும் கேள்விகள் எல்லாம் பல பத்தாண்டுகள் பழையவை.

வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன் மலை வட்டம் அமைந்திருப்பது நல்ல தொடக்கம். ஆயினும் மலையாளிப் பழங்குடி மாணவருக்குச் சாதிச் சான்றிதழ் தரும் அதிகாரம் வட்டாட்சியரிடம் இல்லை, கோட்டாட்சியரிடம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கொடுக்கும் மனுவும் கிராம சபையைத் தாண்டினால் கோட்ட அளவிலான குழுவுக்கும், இறுதி முடிவுக்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போக வேண்டும். மலையில் பெயர்ப் பலகை இருக்கிறது, கையெழுத்து கீழே இருக்கிறது. ஒரு நாள் கூலியை இழந்து இறங்கி வந்தவர் ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற பதிலோடு மலையேறுவது எந்தத் திட்டமிடலிலும் சேர்த்தியில்லை.

எனவே, கோட்டாட்சியர் மாதந்தோறும் முன்கூட்டியே அறிவித்த நாள்களில் வெள்ளிமலையில் அமர்ந்து, சான்றிதழ் விசாரணையை அங்கேயே முடிக்க வேண்டும். வன உரிமைக் குழுக்களும் மலையிலேயே கூடட்டும். ஊருக்கு வெளியே அலுவலகங்களைக் கொண்டுபோகும் அரசு, மலைப் பேருந்துகள் அந்த வாசல் வரை செல்வதையும் உறுதி செய்ய வேண்டும். இவற்றுக்குப் புதிய கட்டடம் தேவையில்லை. ஓர் அரசாணை போதும். அதை அரசு தாமதமின்றிப் பிறப்பிக்க வேண்டும்.